கானோரப் புல்லும் குளத்தோரப் புல்லும்

மலைநாட்டில் வைகாசி மழை இரண்டு நாள் விடாமல் கொட்டினால், மூன்றாம் நாள் அது மட்டக்குளியில் தெரியும். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குப் போய்விடலாம். செங்கல்லை அரைத்துக் கரைத்தது போன்ற நீர், கரையிலிருந்து வெகுதூரம் கடலுக்குள் சிவப்பாகவே நீண்டு கிடக்கும். மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனியாகின்றன. அவை இரண்டும் பிறந்து இறங்கும் சரிவுகள் தேயிலை மலைகள். அந்த மலைகளின் மண்ணும் அந்தச் சிவப்பில் கலந்திருக்கிறது. அதே ஆற்றைச் சற்று மேலே அம்பத்தளையில் இறைத்து, தெளியவைத்து, கொழும்பு நகரத்துக்கு அனுப்புகிறார்கள். வெள்ளவத்தை மாடிவீட்டுக் குழாயிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டவீட்டுக் குழாயிலும் நாம் குடிப்பது அதைத்தான்.

இந்த இரண்டு ஊர்களிலும் இருக்கும் இரண்டு முதியவர்களின் பேச்சுத்தான் என்னை இதை எழுதவைத்தது. கொட்டாஞ்சேனையில் மகன் வீட்டில் இருக்கும் பெரியம்மா ஒருவர் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், புல்லும் வெட்டியவர். புல்லைப் பற்றிக் கேட்டதும் அவர் சொன்னது: "மலையில ஒரு புல்லு நின்னாலும் கங்காணி அரைப்பேரு போட்டுருவாரு." அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. வெள்ளவத்தையில் இருக்கும் ஐயா வவுனியாவுக்கு அப்பால் ஒரு குளத்தின் கீழ் வயல் செய்தவர். அவர் சொன்னது நேர் எதிர்: "அலைகரைப் புல்லிலை மண்வெட்டி வைச்சால் விதானையார் ஊரைக் கூட்டிப்போடுவார்." அலைகரை குளத்தின் மேல்விளிம்பு, விதானையார் வயலுக்கும் குளநீருக்கும் பொறுப்பான ஊர் அதிகாரி. ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே செடிக்கு இரண்டு சட்டம். ஒரு இடத்தில் புல் நின்றதற்குத் தண்டம், மற்ற இடத்தில் புல்லை எடுத்ததற்குத் தண்டம். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

முதலில் மலை. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும், காடெரித்துப் பயிரிடும் சேனையும் அரசின் நிலமாகி, கோப்பித் துரைமாருக்கு விற்பனையாயின. காடு வீழ்ந்தது, கோப்பி எழுந்தது. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் தோன்றியது. அதற்கு இரண்டு வருடம் முந்தியே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிராக்கத் தொடங்கியிருந்தார். பயிர் மாறியபோதும் ஒரு பழக்கம் மாறவில்லை: மலையை வெறுமையாக வைத்திருப்பது. செடிக்கும் செடிக்கும் இடையே ஒரு பச்சையும் தெரியாமல் சுரண்டியால் சுரண்டி எடுப்பதே நல்ல துரைத்தனத்தின் அடையாளமாக இருந்தது. புல் உரத்தைத் தின்றுவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. சுரண்டி புல்லோடு மேல்மண்ணையும் இளக்கிவிடுகிறது, அடுத்த மழை இளகிய மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது என்பது கணக்கில் வரவில்லை.

கணக்கில் வந்தபோது காலம் கடந்திருந்தது. மண்ணரிப்பை ஆராய அமைத்த குழு 1931இல் அறிக்கை தந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் நிறைவேறியது, 1996இல் திருத்தப்பட்டது. பின்னாளில் செய்த அளவீடுகள் பயமுறுத்துபவை. பாதுகாப்பு இல்லாத பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு 40 தொன் மண் போகிறது. நெருங்கி மூடி வளர்ந்த, கான் வெட்டிப் பராமரித்த, தண்டுத்துண்டிலிருந்து வளர்த்த வீ.பீ. தேயிலையில் அது ஒரு தொன்னுக்கும் குறைவு. பலாவும் மிளகும் வாழையும் கலந்து நிற்கும் கண்டி வீட்டுத் தோட்டத்தில் 0.05 தொன் மட்டுமே. இந்த மூன்றாவது எண்ணை நான் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம், அதே மழை பெய்யும் மலைநாட்டில், ஒரு குடும்பம் தனது என்று வைத்திருக்கும் நிலம் அது.

மலையில் மண்ணைக் காக்க இரண்டு வழி கண்டார்கள். ஒன்று கான். சரிவுக்குக் குறுக்கே, சம மட்டத்தை ஒட்டி வெட்டிய நீண்ட வாய்க்கால். அதற்குள் சில அடிக்கு ஒருமுறை மண் தடுப்பு விட்டிருப்பார்கள். தடுப்பின் தலை கானின் விளிம்பை விடத் தாழ்வாக இருக்கும். மழைநீர் ஒரு குழியில் தேங்கி, சுமந்து வந்த மண்ணைக் கீழே விட்டு, தடுப்பின் மேலால் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். தேங்கிய மண்ணை அள்ளி மேலே மலையில் போட வேண்டும். கான் வெட்டும் ஆண்களின் வேலை பாரமானது. அது மட்டம் தவறினால் கானே ஓடையாகி மலையை அறுத்துவிடும். ஆகவே நீர்மட்டம் பார்த்துக் கம்பு நாட்டிய அந்தத் தொழிலாளிகளை நான் பொறியியலாளர்களாகவே எண்ணுகிறேன்.

மற்ற வழி புல்தான். தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை இது: பழைய தேயிலையைப் பிடுங்கியதும் புதுக் கன்றை உடனே நடக்கூடாது. குவாத்தமாலாப் புல்லையோ மானாப்புல்லையோ நட்டு, ஒன்றரை முதல் இரண்டு வருடம் நிலத்தை அதன் கையில் விட வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை புல்லை வெட்டி அங்கேயே பரப்ப வேண்டும். நூறு வருடம் மிதிபட்டு இறுகிய மண்ணை வேர் துளைத்து இளக்கும். பரப்பிய தாள் மக்கி மண்ணைக் கறுப்பாக்கும். மழைத்துளி மண்ணில் நேரே அடிக்காது. வேரைத் தாக்கும் வட்டப்புழுக்களும் குறையும். பெரியம்மாவுக்கு இது நன்றாக நினைவிருக்கிறது. ஆளுயரம் வளர்ந்த புல்லுக்குள் நுழைந்தால் கையெல்லாம் கீறும், ஆனால் கால் வைத்தால் நிலம் "மெத்து மெத்துன்னு" இருக்கும் என்றார்.

அதன் பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். "புடுங்கிட்டு கன்னு நட்டாங்க. மறுபடியும் சுரண்டிதான்."

மலையில் புல்லின் நிலைமை இதுதான். அதற்குத் தவணை உண்டு, இடம் இல்லை. நோயுற்ற மண்ணுக்கு மருந்தாக வரும், மண் எழுந்து நின்றதும் வெளியேற வேண்டும்.

இனிக் குளம். வன்னியிலும் அனுராதபுரத்திலும் குளங்கள் தனித்தனியாக இல்லை. ஒரு சிறு பள்ளத்தாக்கில் மேல்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்த நீரும், வயலில் வடியும் நீரும் கீழ்க்குளத்தில் சேரும். இப்படிக் கோத்த குளத்தொடரைச் சிங்களத்தில் எல்லங்காவ என்பர். பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் இதை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2017இல் இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றது. மல்வத்து ஓயா அனுராதபுரத்தைக் கடந்து மன்னாருக்கு வரும்போது நாம் அதை அருவியாறு என்கிறோம். பெயர் மாறுகிறதே தவிரக் குளங்களின் வரிசை மாறுவதில்லை.

குளம் என்றால் கட்டும், நீர் திறக்கும் துருசும், மிகைநீர் வழியும் வானும், நீரும் என்றே நகரத்தில் வளர்ந்த நாம் நினைக்கிறோம். உண்மையில் நீருக்கு மேலேயும் கட்டுக்குக் கீழேயும் இருக்கும் செடிகொடிதான் குளத்தின் பாதி. சிங்களக் கிராமங்களில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். குளத்தின் மேல்விளிம்பில், நீர் ஏறி இறங்கும் இடத்தில், மருது போன்ற மரங்கள் அடர்ந்து நிற்பது கஸ்கொம்மன. காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதை அது குறைக்கும். அதை ஒட்டி, மேலே சேனையிலிருந்து நீர் வழிந்து வரும் வழியில், ஒரு பட்டையாகப் புல் நிற்கும். அதற்குப் பெயர் பெரஹன. வடிகட்டி என்று பொருள். ஓடிவரும் வெள்ளம் புல்லின் தாள்களுக்கிடையே வேகம் இழக்கும், வேகம் இழந்த நீர் மண்ணைக் கீழே போடும், தெளிந்த நீர் குளத்துக்குள் போகும். அம்பத்தளையில் இயந்திரமும் படிகாரமும் செய்கிற வேலையின் முதற்பகுதியைக் குளத்தின் தலைமாட்டில் புல் செய்கிறது.

கட்டின் கீழ்ப்புறம், கட்டுக்கும் வயலுக்கும் இடையே கட்டகாடுவ. இலுப்பை, புங்கை, தாழை இனங்கள், கோரை எல்லாம் கலந்து நிற்கும் ஈரமான துண்டு நிலம். கட்டின் அடியால் கசிந்து வரும் நீரிலுள்ள உப்பை இது வயலுக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். உலர் வலயத்தில் உப்பு ஊறிய வயலைக் கண்டவர்களுக்குத்தான் இந்தத் துண்டின் பெறுமதி விளங்கும்.

அதோடு நிற்கவில்லை. குளத்துக்கு மேலே காட்டுக்குள் குளுவெவ என்ற சிறு குளமும், கொடவல என்ற நீர்க்குழிகளும் இருக்கும். அவற்றின் கீழ் வயல் கிடையாது. மண்ணை முதலில் அவை ஏந்திக்கொள்ளும். காட்டு மிருகங்களும் மேயும் மாடுகளும் அங்கேயே குடிக்கும், ஊர்க்குளத்தைக் கலக்க வரமாட்டா. பண்படுத்திய நிலத்தைக் காக்க வேண்டுமானால் பண்படுத்தாத உயிருக்கும் முதலில் நீர் ஒதுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவர் பெயர் நமக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துத் தரவை என்னும் மேய்ச்சல் வெளிகளின் ஓரத்தில் மாட்டுக்கென்று துரவு வெட்டி, பக்கத்தில் அது உடம்பை உரச ஆவுரஞ்சிக் கல்லும் நட்டவர்களின் மனமும் இதுவேதான்.

இரண்டையும் பக்கத்தில் வைக்கும்போது நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மலையின் சரிவும் மழையும் குளத்து நாட்டில் இல்லை. உலர் வலயத்தில் ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவு, நிலம் மெல்லச் சாய்வது. மேற்கு மலைச் சரிவுகளில் மழை 2,500 மில்லிமீற்றரைத் தாண்டும், சரிவோ நின்று பறிக்கவே காலை ஊன்ற வேண்டிய செங்குத்து. பெரஹனவைக் கொண்டுபோய் மஸ்கெலியாவில் வைத்தால் ஒரே மழையில் அடித்துப்போகும். அங்கே கான் வேண்டும், தடுப்பு வேண்டும், செடி நெருக்கமாக மூட வேண்டும். அதுபோலக் குளத்துப் புல் காப்பது முதலில் நீரை, மலைப் புல் காப்பது முதலில் மண்ணை. நோக்கத்தில் இருக்கும் இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது சரியல்ல.

ஆனால் சரிவும் மழையும் எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. கண்டி வீட்டுத் தோட்டத்தின் 0.05 தொன் அதைச் சொல்கிறது. என் முடிவு இது: புல் நிலைப்பதும் நிலைக்காததும் அந்த நிலத்தில் யாருக்கு எவ்வளவு காலம் உரிமை என்பதைப் பொறுத்தது. குளத்தின் கீழ் வயல் வைத்திருந்தவருக்கு அவரவர் வயற்பங்கின் அளவுக்குக் கட்டிலும் பங்கு உண்டு. அந்த நீளத்தை அவர்தான் மண் போட்டுச் செப்பனிட வேண்டும். அலைகரையில் புல் போனால் அடுத்த பத்து வருடத்தில் குளம் மேடாகும், மேடானால் தன் வயலே முதலில் காயும் என்பது அவருக்குத் தெரியும். தண்ணீர் குறைந்த வருடத்தில் துருசுக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் எல்லோரும் பங்கிட்டு விதைப்பார்கள். புல்லைக் காப்பது அவருக்குத் தன் பேரப்பிள்ளையின் சோறு. தோட்டத்துப் பெரியம்மாவுக்கோ மலை என்பது பேர் விழும் இடம். கானை வெட்டியவர், புல்லை நட்டவர், மண்ணை அள்ளி மேலே போட்டவர் எவருக்கும் அந்த மலையில் ஒரு சாண் இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறைகூடத் தோட்டத்துக்குச் சொந்தம். நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் வீட்டுக்கென்று வந்த பேச்சே சில பேர்ச் நிலம்தான். 1970களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் மலையை அறிந்த கைகள் மட்டும் அங்கேயே கூலிக்கு நின்றன.

இதைச் சொல்லும்போது குளத்து நாட்டை நான் பொன்னுலகாக்க விரும்பவில்லை. பழைய குளவேலையின் பெரும்பகுதி இராஜகாரியம் என்ற கட்டாய அரச ஊழியத்தால் நடந்தது. அதில் சாதியும் கட்டாயமும் இருந்தன. 1832இல் அது நீங்கியது நல்லது. ஆனால் கட்டாயத்தோடு சேர்ந்து கூட்டுப் பொறுப்பும் தளர்ந்தது. பல குளங்கள் உடைந்தே கிடந்தன. 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் போட்டுப் பழைய வழக்கத்துக்கு அரசே திரும்ப உயிர்கொடுக்க வேண்டியிருந்தது. 1958இன் நெற்காணிச் சட்டத்தோடு பழைய விதானைமாரின் அதிகாரமும் போனது. இன்று உலர் வலயக் குளங்களைப் போய்ப் பார்த்தால், பெரஹன இருந்த இடத்தில் பெரும்பாலும் சோளமோ வயலோ இருக்கிறது. கட்டகாடுவவை வெட்டி வயலோடு சேர்த்திருக்கிறார்கள். குளத்தைத் திருத்துகிறோம் என்று இயந்திரம் இறக்கி அடிமண்ணை முழுக்க வழிக்கும்போது, நீரைப் பிடித்துவைத்திருந்த அடிப்படலமே கிழிந்து நீர் கீழே இறங்கிவிடுகிறது. மேலே புல் இல்லாமல் கீழே தூர் எடுப்பது, கூரையைத் திறந்துவிட்டு வீட்டுக்குள் நீர் இறைப்பது போன்றது. அனுராதபுர மாவட்டத்துக் கபிரிக்கம குளத்தொடரில் குளங்களோடு மேற்புற மரத்தையும் புல்லையும் சேர்த்தே மீட்டார்கள். செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

இரண்டு நிலங்களும் தனித்தனி என்று நினைப்பதும் தவறு. மகாவலியின் நீரை 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பி, சுரங்க வழியாகக் கலாவெவவுக்கும் அனுராதபுரக் குளங்களுக்கும் அனுப்புகிறோம். பன்னிரண்டு வருடத்துக்குள் பொல்கொல்லை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேல் மண் நிரம்பிவிட்டது. தேயிலையும் மரக்கறியும் புகையிலையும் நின்ற சரிவுகளின் மண். மலையில் புல் நிற்காததற்கு விலை கொடுப்பவர் தண்ணீருக்குக் காத்திருக்கும் குளத்து விவசாயி. மறுபக்கமாகவும் ஒன்று நடந்தது. வடமத்தியில் காரணம் தெளியாத சிறுநீரக நோய் பரவியது. களைநாசினியான கிளைபோசேட்டைச் சந்தேகித்து 2015இல் அரசு தடைசெய்தது. களைநாசினி வந்தபின் ஓய்ந்திருந்த சுரண்டி மலையில் உடனே திரும்பி வந்தது, சுரண்டியோடு மண்ணரிப்பும் வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. நஞ்சு தெளிப்பதா, மண்ணைச் சுரண்டுவதா என்ற இரண்டு தெரிவு மட்டுமே மலைக்கு முன் வைக்கப்பட்டது. புல்லைத் தாழ வெட்டி நிற்கவிடுவது என்ற மூன்றாவது வழிக்கு ஆட்கூலி கூடும் என்பதால் அது பேச்சிலேயே பின்தள்ளப்பட்டது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

அமெரிக்கா இதே சிக்கலைப் பணத்தால் அவிழ்க்கப் பார்த்தது. புல்வெளியை உழுது கோதுமை விதைத்த சமவெளிகளில் 1935 ஏப்ரல் 14ஆம் தேதி எழுந்த புழுதிப் புயல் பகலை இரவாக்கியது. அந்த மாதமே மண் பாதுகாப்புக்கு நிரந்தரத் திணைக்களம் கண்டார்கள். 1985இல் இன்னொரு படி: அரிக்கும் நிலத்தை உழவிலிருந்து விலக்கி நிரந்தரப் புல் போட்டால் 10 முதல் 15 வருடம் அரசு வாடகை தரும், புல் போடும் செலவிலும் பங்கு ஏற்கும். ஓடைக்கரையில் புல்வடி போடுவதற்கும் அதில் இடம் உண்டு, நம் பெரஹனவின் தூரத்துச் சொந்தம். 2007இல் இப்படி மூன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் புல்லின் கீழ் இருந்தது. பிறகு சோளத்தின் விலை ஏறியது, ஒப்பந்தம் முடிந்த நிலங்கள் பல திரும்ப உழவுக்குப் போயின. 2014ஆம் ஆண்டுச் சட்டம் உச்ச அளவையே 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தது. மலையில் கட்டளையால் நின்ற புல் இரண்டு வருடம் நின்றது. அங்கே வாடகையால் நின்ற புல் பத்து பதினைந்து வருடம் நின்றது. குளத்தில் ஊர்ப்பொறுப்பால் நின்ற புல் பல நூற்றாண்டு நின்றது. வாடகையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் அரசு குளத்தின் மேல்நிலம் வைத்திருக்கும் விவசாயிக்குப் புல்பட்டைக்கென்று ஒரு சிறு கொடுப்பனவு தந்தால்கூட அது பெரிய தொடக்கம்.

மலைக்கு என்ன வழி? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மறுநடுகையின்போது குவாத்தமாலாப் புல்லை அடியோடு பிடுங்காமல், கான்கரை நீளத்துக்கும் ஓடை விளிம்பிலும் ஒரு வரிசை விட்டுவைக்கலாம். அது மாடு விரும்பித் தின்னும் தீனி. லயங்களில் மாடு வளர்க்கும் குடும்பங்கள் இன்றைக்கும் ரோட்டோரத்தில் புல் தேடி அலைகின்றன. அந்த வரிசையை அறுக்கும் உரிமையை எழுத்தில் அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்தால், அதைப் பிடுங்கவும் அழியவும் அவர்களே விடமாட்டார்கள். கான் இடிந்தாலும் முதலில் காண்பவர் அவர்களாகத்தான் இருப்பர். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு, மலைக்குள் நீர் எப்படி இறங்குகிறது என்று அன்றாடம் பார்க்கும் கண்களின் தேவையை நான் விளக்க வேண்டியதில்லை.

நீர் விடயத்தில் மலைக்கும் ஒரு குளுவெவ உண்டு, அதன் பெயர் பீலி. பாறையிடுக்கிலிருந்து கசிந்து, மூங்கிலிலோ குழாயிலோ லயத்துக்கு வரும் ஊற்று. அதன் தலைமாட்டில் ஒரு சிறு காட்டுத்துண்டு இருந்தால்தான் பங்குனி வெயிலிலும் ஒழுகும். அந்தத் துண்டுகளை எந்த வரைபடத்திலும் தனியே குறித்துக் காத்ததாக நான் கண்டதில்லை. விறகுக்கும் புது நடுகைக்கும் அவை சிறிது சிறிதாகக் கரைகின்றன.

கடைசியாகப் பெரியம்மாவைப் பார்க்கப் போனபோது, அந்த மலையில் ஒரு துண்டு அவருடையதாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். அவர் குழாயடியில் வாளி நிரம்பக் காத்திருந்தார். "கான் கரையில புல்லு வச்சிருப்பேன். மாட்டுக்கும் ஆகும், மண்ணும் நிக்கும்" என்றார். வாளி நிரம்பியது. குழாயை மூடிவிட்டு, "அதுக்கு முந்தி பீலிக்கு மேல இருந்த காட்ட ஒருத்தரையும் வெட்ட விட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வாளியைத் தூக்கினார்.